திரிபும் ஒளியும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு மரம் தரையோடு படிந்து கிடக்கிறது. அதனை மரம் என்று கூறுவது பூர்வ சம்பந்தத்தை எண்ணிக் கூறுவதேயாகும். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இப்பிரதேசத்தின் மீது கடல் ஏறி வந்த யுகத்தில், அது வண்டலுக்குள் புதையுண்டது. நீரில் கரைந்து வந்த சிலிக்கா மெல்ல மெல்ல உட்புகுந்து, உயிரணுக்கள் இருந்த இடங்களையெல்லாம் கைப்பற்றிக்கொள்ள, உருவம் மரத்தினுடையதாகவும் பொருள் முழுவதும் கல்லினுடையதாகவும் ஆகிவிட்டது. 1940ஆம் ஆண்டில் இதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் அத்துறையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே.

கல்லாகிய மரத்தை வைத்துக்கொண்டு இங்கே பேசப் புகுவது தாவர விருத்தாந்தமன்று. திடப்பொருள் ஒன்றை அழுத்தினாலோ இழுத்தாலோ அதனுள்ளே ஒளிக்கும் மின்சாரத்துக்கும் என்ன நேருகிறது என்பதை மனிதர் அறிந்துகொண்டதும், அறிந்ததோடு நில்லாமல், இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் சிலிக்கான் துண்டுக்குள் அந்த இறுக்கத்தை வேண்டுமென்றே ஏற்றி வேலை வாங்கக் கற்றுக்கொண்டதுமான சரித்திரமே இங்கே விஷயம். அதன் தொடக்கத்தில் கல்மரம் ஒன்று இருந்தது. அதன் நடுவே திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்த ஒருவர் இருந்தார். ஆகவே அச்சரித்திரத்தைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குவது பொருத்தமற்றதாகாது.

இச்சீமையின் கற்கள் ஐரோப்பியரின் கவனத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். கே, கன்லிஃப் என்னும் இருவர் சேகரித்து அனுப்பிய கிளிஞ்சல் படிவங்களை 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் வருணித்து வெளியிட்டார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்கே அலைந்து அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்கு ஊர்ப்பெயர்களையே சூட்டி, 1862இல் தமது நூலை அச்சிட்டார். அப்பெயர்கள் இன்றும் பூகர்ப்ப சாஸ்திரிகளின் நாவில் வழங்குகின்றன. நத்தைச் சுருளை ஒத்த அம்மோனைட்டுகளைத் தேடி வருகிற அயல்நாட்டு மாணவன், தன் நாட்டிலேயே அரியலூர் என்ற பெயரை உச்சரித்துப் பழகிய பிறகே வருகிறான். கருடமங்கலத்துக்கு அருகே கிடைக்கும் கிளிஞ்சல் நிறைந்த சுண்ணாம்புக்கல், மெருகேற்றப்பட்டு, ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்ற பெயருடன் மேஜைப் பலகைகளாகவும் அலங்காரப் பொருள்களாகவும் போனதும் உண்டு. அதே சுண்ணாம்புக்கல்லின் இனத்தவையே இப்போது சிமெண்டு ஆலைகளின் சூளைக்குள் போகின்றன.

கல்மரத்தின் தொடர்பு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறது. அங்கே வில்லியம் நிக்கோல் என்பவர், கல்லான மரங்களின் உட்கட்டமைப்பைக் காணவேண்டி, அவற்றைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித் தேய்த்து, ஒளி ஊடுருவிச் செல்லும் அளவுக்கு மெல்லிய தகடுகளாக்கும் வித்தையைப் பரிபூரணமாக்கினார். அதே நிக்கோல் 1828இல் வேறொரு காரியத்தையும் செய்தார். ஐஸ்லாந்து ஸ்படிகம் எனப்படும் தெளிந்த கால்சைட்டுப் படிகத்தைக் குறுக்காக அறுத்து, கனடா பால்ஸம் என்னும் பிசினால் மீண்டும் ஒட்டி, உட்புகும் ஒளியை ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாற்றித் தரும் கருவியை உண்டாக்கினார். சாத்தனூர் மரம் எவ்வினப் பொருளோ அவ்வினப் பொருளை மெல்லியதாக்கும் முறையும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் எந்தக் கனிமமோ அந்தக் கனிமத்தால் ஆன கருவியும் ஒரே மனிதரின் மேஜையில் சந்தித்தன; அவர் இவ்வூர்ப் பெயர்களைக் கேட்டவரல்லர் என்பது வேறு விஷயம்.

நிக்கோலுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதே நகரத்தில், டேவிட் புரூஸ்டர் கண்ணாடியையும் கன்றுக்காலில் காய்ச்சிய கூழையும் அழுத்திப் பார்த்து, அழுத்தத்தால் அவை படிகங்களைப் போல ஒளியை இரண்டாகப் பிளக்கின்றன என்று 1815இல் அறிவித்திருந்தார். சாதாரண நிலையில் கண்ணாடிக்குத் திசைபேதம் கிடையாது; எத்திசையில் புகுந்தாலும் ஒளிக்கு ஒரே வேகந்தான். அழுத்திய மாத்திரத்தில் அழுத்திய திசைக்கும் அதற்குச் செங்குத்தான திசைக்கும் பேதம் உண்டாகி, இருவகை அதிர்வுகள் இரு வேகங்களில் சென்று, வெளிவரும்போது ஒன்றுக்கொன்று பின்தங்கி, ஒளித்தளத்தைச் சோதிக்கும் இரு கருவிகளின் நடுவே வர்ணஜாலமாகத் தோன்றுகின்றன. 1847இல் பதினைந்து வயதுச் சிறுவனான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தன் மாமனுடன் நிக்கோலின் வீட்டுக்குச் சென்றான். திரும்பி வந்து, பழுக்கக் காய்ச்சித் திடீரென்று குளிர்வித்த கண்ணாடித் துண்டுகளில் தோன்றிய வர்ணங்களை நீர்வர்ணத்தில் தீட்டி அனுப்ப, முதியவர் மனமுவந்து தம் கையால் செய்த கால்சைட்டுப் பட்டகங்கள் இரண்டைப் பரிசளித்தார். மின்காந்தக் கொள்கைக்காக உலகம் போற்றும் மாக்ஸ்வெல்லின் முதற்காதல் இறுக்கமுற்ற கண்ணாடியே. 1850இல் எடின்பரோ ராயல் சபையின் முன் படிக்கப்பட்ட அவருடைய கட்டுரை, திடப்பொருளின் உட்சமநிலையை இவ்வர்ணங்களால் அளக்கலாம் என்பதைக் கணிதபூர்வமாக நிலைநாட்டியது.

பாடநூல்கள் இங்கே இரண்டு பதங்களைப் பிரித்து வழங்குகின்றன: ஒரு சதுர அளவின் மீது விழும் விசை தகைவு; அதனால் பொருளின் நீளத்திலோ வடிவத்திலோ உண்டாகும் விகித மாறுதல் திரிபு. ஆயிரம் மில்லிமீட்டர்க் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் திரிபு ஆயிரத்தில் ஒன்று. அணுக்களுக்கிடையேயுள்ள தூரமே அவ்வளவு மாறிவிட்டது என்று பொருள். இனி வருவனவெல்லாம் அந்தத் தூர மாறுதலின் பலன்களே.

பெரம்பலூரின் மேற்குப் பகுதியில் பச்சைமலையை நோக்கிப் போகப் போக, கடல் படிவித்த அடுக்குகள் மறைந்து, அவற்றினும் பன்மடங்கு தொன்மையான நைஸ் பாறைகளும் சார்னோக்கைட்டும் எழுகின்றன. இப்பழம்பாறை ஒரு துண்டை மெல்லிய தகடாக்கி, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு ஒளித்தளக் கருவிகளின் நடுவே நுண்நோக்காடியில் வைத்துச் சுழற்றினால், அதிலுள்ள குவார்ட்ஸ் மணி ஒவ்வொன்றும் முறைப்படி ஒரே கணத்தில் முழுவதும் இருளவேண்டும். ஆனால் பல மணிகள் அவ்வாறு இருளுவதில்லை. ஒரு மூலையில் தொடங்கிய இருள், தகடு சுழலச் சுழல, மணியின் குறுக்கே மெல்ல நகர்ந்து மறுமூலையை எட்டுகிறது. ஒரே மணியின் ஒரு பகுதியும் மறுபகுதியும் சற்றே வெவ்வேறு திசை நோக்கி வளைக்கப்பட்டிருக்கின்றன என்பதே இதன் தாற்பரியம். பூமியின் ஆழத்தில் அப்பாறை பட்ட பாடு, விசை நீங்கிக் கோடி கோடி ஆண்டுகள் கழிந்தும், படிகத்துக்குள் பதிந்து நிற்கிறது. கிழக்கே அரியலூர் அடுக்குகளின் கதை வேறு. கடல் மெதுவாகப் படிவித்து, மெதுவாகவே பின்வாங்கியமையால், அவை இமயத்து அடுக்குகளைப் போல மடிந்து முறுக்குண்டவையல்ல. கிழக்கு நோக்கி இலேசான சரிவுடன், மேலிருந்த மண்ணின் பாரத்தை மட்டுமே தாங்கிக் கிடக்கின்றன. மிகுதியாக நெருக்குண்டதும் நெருக்குண்ணாததுமான இருவகைப் பாறைகள் இவ்வளவு அருகருகே அமைந்திருப்பது ஆசிரியர்களுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். மாணவர்களைப் படிவங்கள் பொறுக்க அழைத்துச் செல்லும் கல்லூரிகள் மேற்குப் பாறைக்கு அரைநாள்கூட ஒதுக்குவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

ஒளியினால் திரிபை அறியும் கதை இவ்வாறிருக்க, மின்சாரத்தினால் அறியும் கதை 1856இல் தொடங்குகிறது. பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்ஸன், செப்புக் கம்பியையும் இரும்புக் கம்பியையும் இழுத்துப் பிடித்து, இழுக்குந்தோறும் அவற்றின் மின்தடை கூடுவதையும், இரண்டும் ஒரே அளவில் கூடாததையும் கண்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஆய்வுக்கூட விநோதமாகவே இருந்தது. 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்னும் இருவர் தனித்தனியே, மெல்லிய கம்பியைப் பொருளின் மேல் ஒட்டிவிட்டால் பொருளின் திரிபே கம்பியின் தடையில் தெரிந்துவிடும் என்று கண்டபோது, அது கருவியாயிற்று. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் அறைக்குள் சிவப்பு எழுத்தில் டன் கணக்கு மின்னுகிறதே, அந்த மேடைக்கு அடியிலுள்ள எஃகுக் கட்டைகளில் ஒட்டியிருப்பவை இந்தக் கம்பியின் வமிசத்தில் வந்த உலோகத் தகட்டுச் சுருள்களேயாம். லாரியின் பாரத்தால் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகுகிறது. சுருளின் தடை மாறுகிறது. அம்மாறுதலே எடையாக அச்சிடப்பட்டு, டிரைவர் கையில் சீட்டாகச் சேருகிறது.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து சார்லஸ் ஸ்மித் வெளியிட்ட கட்டுரை இவ்வமிசத்தில் பெரியதொரு திருப்பம். உலோகத்தில் திரிபின் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கே தடை மாறும். ஜெர்மானியத்திலும் சிலிக்கானிலுமோ நூறு மடங்கையும் தாண்டி மாறியது. உலோகக் கம்பி நீண்டு மெலிவதால் மட்டுமே தடை கூடுகிறதென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குறைக்கடத்தியில் அவ்விளக்கம் செல்லாது. அங்கே எலெக்ட்ரான்கள் செல்லும் வழிகளே திரிபினால் மாறிப்போகின்றன. இன்று வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் மின்னணுக் கருவியின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சவ்வு, ஸ்மித் கண்ட இவ்விளைவினாலேயே வேலை செய்கிறது.

அக்கட்டுரை வெளிவந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வீழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பாலங்களின் உத்தரங்களில் திரிபுமானிகளை ஒட்டி வைக்கும் இக்காலத்து வழக்கத்தைக் கண்டு, அவை அன்று இருந்திருந்தால் என்று சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. அப்பெருமூச்சுக்கு ஆதாரம் போதாது. அன்று காலை வாரிவிட்டது எஃகின் இறுக்கமன்று, வெள்ளம் அடியிலிருந்து அரித்துச் சென்ற மண். எஃகில் ஒட்டிய மானி எஃகைத்தான் அறியும், மண்ணை அறியாது.

சரித்திரத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். 1888 நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவலில் சந்திரசேகர வேங்கடராமன் பிறந்தபோது, பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலுக்காக்கள். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல், அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007இல். எனவே இராமனை இச்சீமையின் புதல்வர் என்பதில் தவறில்லை; ஆயினும் தந்தையாரின் உத்தியோகம் விசாகப்பட்டினத்தில் அமையவே, குழந்தைப் பருவத்திலேயே அவர் இந்நாட்டை விட்டுச் சென்றுவிட்டார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்; ஊர்ப்பெருமைக்காக உண்மையை நீட்டுதல் ஆகாது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள், கல்கத்தாவில், கே.எஸ். கிருஷ்ணனின் துணையுடன், பொருளின் ஊடே சிதறும் ஒளியில் மூல நிறத்தோடு சேர்ந்து புதிய நிறக்கோடுகள் தோன்றுவதை அவர் நிலைநாட்டினார். ஒளி, பொருளின் அணுக்கள் அதிரும் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு சிறு பங்கை இழந்தோ, அதனிடமிருந்து பெற்றோ வெளிவருகிறது. ஆகவே அக்கோடு எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவே அணுக்களின் அதிர்வு. அணுக்களைப் பிணைத்து நிற்கும் கட்டு இறுகினால் கோடு ஒரு பக்கமும் தளர்ந்தால் மறுபக்கமும் நகரவேண்டும் என்பது அப்போதே உய்த்துணரத்தக்கது. நகர்வை அளக்கும் வசதி வர நாளாயிற்று.

1933இல் பெங்களூர் சென்றபின் இராமனுக்கு வைரத்தின் மீது பிறந்த பித்து யாவரும் அறிந்தது. நிறம், ஒளிர்வு, அதிர்வு என்று அந்த ஒரே கல்லை அவரும் அவருடைய மாணாக்கர்களும் துருவாத கோணம் இல்லை. வைரம் கனசதுரச் சமச்சீர் உடைய படிகம். சாஸ்திரப்படி அதில் இரட்டை ஒளிவிலகல் இருத்தலாகாது. ஆனால் குறுக்கு ஒளித்தளங்களின் நடுவே வைத்துப் பார்த்தபோது, விலையுயர்ந்த கற்கள் பலவற்றில் கோடுகளும் பட்டைகளுமான கோலங்கள் பளிச்சிட்டன. 1944இல் இராமன் இதனை ரெண்டால் என்பவருடன் சேர்ந்து விரிவாக எழுதினார். அவர் மாணாக்கரான ஜி.என். இராமச்சந்திரன், வைரத்தை அளந்து அழுத்தி அதன் ஒளிவிலகல் மாறும் விகிதத்தை 1940களின் பிற்பகுதியில் நிர்ணயித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைக் கண்டு இவர் பெற்ற புகழின் கீழே, இந்த இளமைக்கால உழைப்பு மறைந்தே போயிற்று.

இப்பரம்பரையில் என் மனத்தை மிகக் கவர்ந்தவர் அ. ஜெயராமன். பெங்களூரில் இராமனோடு அமர்ந்து வண்ணம் காட்டும் பாறைப்படிகங்களையும் அகேட் கற்களையும் ஆராய்ந்தவர், பின்னர் அமெரிக்கா சென்று பெல் ஆய்வுக்கூடத்தில் அதியுயர் அழுத்தத் துறையில் முன்னணியாளராக விளங்கினார். சமாரியம் ஸல்பைடு என்னும் கறுப்பு நிறக் குறைக்கடத்தியை அவரும் தோழர்களும் 1970இல் அழுத்தினார்கள். ஏறக்குறைய 6,500 வளிமண்டல அழுத்தத்தை எட்டியதும் அது சட்டென்று பொன்னிறம் பெற்று உலோகமாகிவிட்டது. அணுக்கள் நெருங்கவே, சமாரிய அணுவுக்குள் ஒடுங்கிக் கிடந்த எலெக்ட்ரான் படிகம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டதே இதற்குக் காரணம். இதனினும் விசித்திரம், இம்மாற்றத்துக்குப் பெரிய இயந்திரங்கூட வேண்டுவதில்லை. கறுப்புப் படிகத்தை மெருகேற்றுவது போலத் தேய்த்தாலே போதும், தேய்த்த முகம் பொன்னாகிப் பொன்னாகவே நிற்கும். நம் நாட்டு ரசவாதிகள் இதைக் கண்டிருந்தால் எத்தனை ஏடுகள் பெருகியிருக்குமோ! இவ்வகைப் பரிசோதனைகளுக்கு உதவிய வைர அழுத்தக்கலம் 1950களின் இறுதியில் அமெரிக்க அளவைக் கழகத்தில் உருவானது. கடத்தல்காரரிடமிருந்து சுங்கத்தார் பறிமுதல் செய்த வைரங்களே அதற்கு முதலில் பயன்பட்டன. அக்கலத்தைப் பற்றி 1983இல் ஜெயராமன் எழுதிய நீண்ட கட்டுரை அத்துறைக்கு வரும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத நுழைவாயிலாயிற்று.

அணுக்களின் தூரம் மாறினால் எலெக்ட்ரானின் நடத்தை ஏன் மாறவேண்டும் என்பதற்குரிய கணக்கை, டிரான்ஸிஸ்டரைப் படைத்த மூவருள் இருவரான பார்டீனும் ஷாக்லியும் 1950இலேயே வகுத்திருந்தனர். படிகத்தில் எலெக்ட்ரான்கள் இருக்கத்தக்க ஆற்றல்கள் பட்டைகளாக அமைந்துள்ளன. நிரம்பிய இணைதிறன் பட்டைக்கும் காலியான கடத்தல் பட்டைக்கும் நடுவே எந்த எலெக்ட்ரானும் தங்கலாகாத இடைவெளி ஒன்று உண்டு. அப்பொருள் எந்த நிறத்து ஒளியை விழுங்கும், எந்த நிறத்து ஒளியை உமிழும் என்பதை நிர்ணயிப்பது அவ்விடைவெளியே. அணுக்களை நெருக்கினாலும் விலக்கினாலும் பட்டைகளின் ஓரங்கள் ஏறவோ இறங்கவோ செய்கின்றன. ஒரே திசையில் மட்டும் நெருக்கினால், முன்பு ஒரே உயரத்தில் சமமாக நின்ற நிலைகள் பிரிந்து, சில தாழ்ந்தும் சில உயர்ந்தும் போகின்றன. பெரிய படிகத்தை இவ்வாறு ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் வருத்தினால் அது உடைந்துவிடும். ஆகையால் இவ்வறிவு நெடுநாள் புத்தகத்திலேயே தங்கிற்று.

மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வளர்க்கும் கலை கைவந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. ஜெயங்கொண்டத்துப் பக்கத்து நெசவாளர் ஒருவர், 96 இழைகள் இயல்பாக அமையவேண்டிய அகலத்துக்குள் 100 இழைகளை நெருக்கி, ஒவ்வோர் இழையும் கீழ்த்துணியின் இழையோடு தவறாமல் இணையும்படி நெய்வதாகக் கொண்டால், சிலிக்கானின் மேல் ஜெர்மானியத்தை வளர்ப்பது அத்தகையதே. ஜெர்மானியப் படிகத்தின் அணு இடைவெளி சிலிக்கானைவிட 4 சதவீதத்துக்குச் சற்று மேலாகப் பெரியது. படலம் மெல்லியதாக உள்ளவரை, கீழ்ப்படிகத்தின் அளவுக்கே தன்னை ஒடுக்கிக்கொண்டு, உடையாமல், மலைப்பாறை கண்டிராத திரிபைத் தாங்கி நிற்கும். தடிமன் ஓர் எல்லையைத் தாண்டியதும் அணு வரிசைகள் வழுவிப் பிசகுகள் தோன்றி இறுக்கம் வெளியேறிவிடும். இவ்வெல்லையைப் பற்றி ஃபிராங்கும் வான் டெர் மெர்வேயும் 1949இல் சிந்தித்தனர். மாத்தியூஸ், பிளேக்ஸ்லி இருவரும் 1974இல் கணக்கிட்டனர். பொருத்தமின்மை இன்னும் மிகுந்தால் படலம் வேறொரு வழியையும் நாடும். காலியம் ஆர்ஸனைடின் மேல் 7 சதவீதம் பெரிதான இண்டியம் ஆர்ஸனைடை வளர்த்தால், ஓரிரு அணுவடுக்குக்குப் பின் அது தானாகவே சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள சிறு மேடுகளாகத் திரண்டுகொள்கிறது. குவாண்டம் புள்ளிகள் என்று இவற்றுக்குப் பெயர். எலெக்ட்ரான் எந்தத் திசையிலும் நகர இடமின்றி அதில் சிறைப்பட, அணுவைப் போலத் திட்டமான நிறத்தில் ஒளிவிடுகிறது. அந்நிறம் மேட்டின் அளவை மட்டுமன்றி, அதன் உள்ளேயும் சுற்றிலும் இருக்கும் திரிபையும் பொறுத்தது.

1986இல் இங்கிலாந்தில் ஆடம்ஸும், அமெரிக்காவில் யாப்லனோவிச்சும் கேனும், திரிபேற்றிய மெல்லிய அடுக்கைக் கொண்டு லேஸர் செய்தால் இணைதிறன் பட்டையின் வடிவமே மாறிக் குறைந்த மின்னோட்டத்தில் ஒளி பிறக்கும் என்று கூறினர். அக்கூற்று பலித்தது. சென்னைக் கரையில் வந்து ஏறும் கடலடிக் கேபிள்களில் தளர்ந்துபோகும் ஒளிக்குறியீட்டை வழியில் ஊக்கி அனுப்பும் பெருக்கிகளுக்கு உயிரூட்டுபவை இவ்வினத்து லேஸர்களே.

சிலிக்கான் சில்லின் கதைதான் இவை எல்லாவற்றினும் பரவலாக வீடுகளுக்குள் நுழைந்தது. சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் தங்கும் ஆற்றல் பள்ளங்கள் ஆறு. இயல்பில் ஆறும் சமம். படிகத்தைத் தன் தளத்தில் இழுத்தால் அவற்றுள் இரண்டு தாழ்கின்றன. எலெக்ட்ரான்கள் அவ்விரண்டில் போய்ச் சேர, அங்கே அவற்றின் நிறை இலேசாகி, பள்ளத்துக்குப் பள்ளம் தடுமாறிச் சிதறுவதும் குறைந்து, ஓட்டம் விரைவாகிறது. எலெக்ட்ரான் நீங்கிய துளைகளுக்கோ இழுப்பைவிட நெருக்கமே நன்மை செய்கிறது. டிரான்ஸிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவதால் மட்டும் வேகம் பெருகாது என்ற நெருக்கடி வந்தபோது, 2003இல் இன்டெல் நிறுவனம் தனது 90 நானோமீட்டர்த் தலைமுறைச் சில்லுகளில் இவ்விரு உபாயங்களையும் ஒருங்கே கையாண்டது. ஒருவகை டிரான்ஸிஸ்டரின் இரு கரைகளிலும் 17 சதவீதம் ஜெர்மானியம் கலந்த சிலிக்கானைப் பதித்து, நடுவிலுள்ள 45 நானோமீட்டர்ப் பாதையை இருபுறமிருந்தும் நெருக்கினார்கள். மற்றொரு வகையின் மேல் சிலிக்கான் நைட்ரைடு போர்வை ஒன்றைப் போர்த்திப் பாதையை இழுத்தார்கள். அதன்பின் அம்முறையை ஏதோ ஒரு வடிவில் கைக்கொள்ளாத முன்னணித் தொழிற்சாலை இல்லை எனலாம். பெரம்பலூர்ச் சந்தையில் சின்ன வெங்காயத்தின் விலையை விசாரிக்கும் விவசாயியின் கைப்பேசிக்குள், கோடிக்கணக்கான இடங்களில், இவ்வாறு படிகம் வருத்தப்பட்டுக்கொண்டே வேலை செய்கிறது.

அவ்வளவு நுண்ணிய இடத்தில் இறுக்கம் சரியாக ஏறியதா என்பதை அறிவதெப்படி? இங்கேதான் திருவானைக்காவலில் பிறந்தவரின் கோடு உதவிக்கு வருகிறது. சிலிக்கானின் இராமன் கோடு 520 என்னும் அலை எண்ணை ஒட்டி நிற்கும். இழுத்தால் கீழும் நெருக்கினால் மேலும் நகரும். 1970இல் அனஸ்டஸாகிஸ் முதலானோர் அந்நகர்வை நிர்ணயித்தனர். தளம் முழுவதும் ஒருசீராக இறுக்கமுற்ற படலத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோ எடைக்குச் சமமான தகைவுக்குக் கோடு ஓர் அலகே அசைகிறது. நல்ல கருவி அந்த அலகில் பத்தில் ஒரு பங்கையும் பிரித்துக் காட்டும். தொடாமல், அறுக்காமல், ஒளிப்பொட்டு ஒன்றை மேலே மேயவிட்டே திரிபின் தேசப்படத்தை வரைந்துவிடலாம். இராமன் தம் கோட்டின் இந்த உபயோகத்தைக் காண இருக்கவில்லை. 1970 நவம்பரில் அவர் மறைந்தார்.

தெருவிளக்குகளிலும் இதே விவகாரம் உண்டு. ஊராட்சிக் கம்பங்களில் சோடியம் விளக்குகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வெள்ளை எல்.இ.டி.க்களின் இதயமாகிய காலியம் நைட்ரைடு, பெரும்பாலும் நீலக்கல்லின் மேல் வளர்க்கப்படுகிறது. இரண்டுக்கும் அணு இடைவெளியில் ஏறத்தாழ 16 சதவீதப் பொருத்தமின்மை. அதன்மேல் இண்டியம் கலந்த ஒளியடுக்கு நெருக்குண்டு நிற்க, அந்த நெருக்கமே உள்ளே மின்புலம் ஒன்றைத் தோற்றுவித்து, எலெக்ட்ரானை ஒரு கரைக்கும் துளையை மறுகரைக்கும் தள்ளி, இரண்டும் கூடி ஒளி தருவதைத் தாமதிக்கச் செய்கிறது. அகஸாகி, அமானோ, நாகமுரா மூவர்க்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்த நீல விளக்கு இச்சங்கடங்களோடு போராடியே பிறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்திலும் இந்த நைட்ரைடு படலங்களை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். சிலிக்கானில் வரவேற்கப்பட்ட திரிபு இங்கே பெரும்பாலும் வேண்டாத விருந்தாளி. சில்லுத் தொழிலின் வெற்றியைக் கண்டு திரிபு எங்கும் நன்மையே தரும் என்று எழுதுகிறவர்கள் விளக்குக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம்.

அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர் கவனம் ஓரடுக்குப் பொருள்களின்பால் திரும்பியிருக்கிறது. அவற்றுள் ஒன்றான மாலிப்டினம் டைஸல்பைடு, தர்மபுரிப் பக்கத்தில் அரூர், ஊத்தங்கரைப் பாறைகளில் மாலிப்டினைட்டு என்ற கனிமமாக இயற்கையிலேயே கிடைப்பது. அதிலிருந்து ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள ஒற்றையடுக்கை உரித்தெடுத்து, வளையும் பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டி வளைத்தால், ஒவ்வொரு சதவீத இழுப்புக்கும் அதன் ஆற்றல் இடைவெளி பல பத்து மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டுகள் குறைந்து, அது உமிழும் செவ்வொளி மேலும் சிவப்பை நோக்கி நகர்கிறது. பருமனான சிலிக்கான் எப்போதோ உடைந்துபோயிருக்கும் திரிபை இது எளிதில் தாங்குகிறது. ஆனால் இழுப்பு ஓரிரு சதவீதத்தை எட்டும்போது பட்டைகளின் அமைப்பு மாறி, ஒளி பிறப்பதற்கு அனுகூலமான நேரிடைவெளி என்ற குணத்தை இழந்து பிரகாசம் குன்றுகிறது. ஜெர்மானியத்தின் போக்கு இதற்கு நேர் எதிர்: இயல்பில் ஒளி தர இசையாத அது, 2 சதவீத அளவுக்கு இழுக்கப்பட்டால் நேரிடைவெளி உடையதாக மாறுகிறது, சிலிக்கான் சில்லின் மேலேயே லேஸர் ஒன்றை அமைத்துவிடலாம் என்ற ஆசையில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்னமும் முயன்று வருகின்றன.